சமைத்த கைகளுக்காக ஒரு ஜெபம்

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த மிஷன் பள்ளிக்கு அவர்தான் தாளாளர். கோச்சடைப் பக்கம் பள்ளி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நரைமுடி, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அவர் நினைத்தால் யாரையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம்.

விடுதியில் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பார். ஒரு மத்தியானம், "சோறு வேகலையே" என்றார். சமையல்காரர் எல்லார் முன்னாலும் வெடித்துவிட்டார்.

"ஈர வெறகை வாங்கிப் போட்டுட்டு நொட்டை சொல்றீகளா? நீங்க வந்து ஊதிப் பாருங்க!"

"இவரை இப்பவே அனுப்பிருங்கய்யா" என்று நான் துள்ளினேன்.

தாளாளர் முகம் கறுத்துப்போயிருந்தது. ஜெபத்துக்கு எழுந்தார். "இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும்" என்றுதான் தினமும் முடிப்பார். அன்று அந்த வரி வந்ததும் ஜெபம் நின்றுவிட்டது. பிள்ளைகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். வெகுநேரம் கழித்துத்தான் அதைச் சொன்னார்.

"என்னங்கய்யா, இம்புட்டு நேரம்?" என்று கேட்டேன்.

"கோவத்துல வாயில வரல தம்பி. இந்த மனுசனை அனுப்ப நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதான் பயமா இருந்துச்சு."

சாம்பார் வாளியோடு வந்த சமையல்காரர் எங்கள் முன்னால் தயங்கி நின்றார். தாளாளர் தன் தட்டை நீட்டினார்.

"ஊத்துங்கண்ணே. வெறகு என் தப்புத்தான். நாளைக்குக் காஞ்சது வரும்."

அவர் முகத்தின் கறுப்பு இன்னும் மாறவில்லை. கோபம் அடங்கிய பிறகுதான் மன்னிக்க முடியும் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.