நீல டிரம் பாடமும் என் கையெழுத்தும்

மரகதம் டீச்சர் போய்விட்ட செய்தி எனக்கு ரேஷன் கடை வரிசையில் வந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் கன்னியம்மாள்தான் சொன்னாள். "உங்க டீச்சர் பூட்டாங்கக்கா. காலைல நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." அரிசி வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதில் பாதி என்மேல்.

அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் "நல்லா பாடம் நடத்துவாங்க" என்கிறீர்கள். அவர் பாடம் எழுதினார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? புதுப் பாடப்புத்தகம் எழுதும் குழுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து அவர் ஒருவர்தான் இருந்தார். கூட்டத்துக்குத் திருவள்ளூர் போகும் முன், எழுதியதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்.

"நான் அஞ்சாவதோட நின்னவ டீச்சர். என்னாண்ட வந்து இன்னாத்த கேக்கப் போறீங்க?"

"அதுக்குத்தாம்மா வந்தேன். அஞ்சாவது முடிச்சவங்களுக்கு இன்னா தெரியணும்னு நாங்க அங்க மண்டைய ஒடச்சிக்கினு கீறோம். முடிச்சவங்க நீங்கதானே?"

அப்படி ஒரு பெருமையை எனக்கு யாரும் தந்ததில்லை. நான் சத்தமாகப் படிப்பேன். திக்கும் இடத்தில் அவர் பென்சிலால் கோடு போடுவார். 'உட்கொள்ளுதல்' என்ற இடத்தில் மூன்று முறை திக்கினேன். அதை அடித்துவிட்டு 'குடிப்பது' என்று எழுதினார்.

அந்தப் பாடம்தான் நீல டிரம். நம் ஊரில் டிரம் இல்லாத வீடு ஏது? கம்பெனியில் ரசாயன மருந்து தீர்ந்ததும் காலி டிரம்மைக் கொண்டுவந்து கழுவித் தண்ணீர் பிடித்து வைப்போம். அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்க மாட்டோம். மூன்றாம் வகுப்பில் பிள்ளை டிரம்மில் இருக்கும் அபாயப் படத்தை அடையாளம் காண வேண்டும். நான்காவதில் டிரம்மில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள பெயரை நோட்டில் எழுதி, அது என்ன என்று கம்பெனியில் வேலை செய்பவரிடம் கேட்க வேண்டும். ஐந்தாவதில் எந்த டிரம் தண்ணீருக்கு ஆகாது என்று தானே சொல்ல வேண்டும். "எங்க ஆரம்பிக்கறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்மா. புள்ள ஊட்டுக்குப் போயி இன்னா செய்யப்போவுது? அத மொதல்ல எழுதிட்டு, அங்கேர்ந்து பின்னால நடந்து வரணும்" என்பார் டீச்சர்.

புத்தகத்தில் சேர்க்கும் முன் நம் பள்ளியில் இரண்டு வாரம் அதை நடத்திப் பார்த்தார்கள். என் பேத்தி செல்வி அப்போது நான்காவது. ஒரு சாயங்காலம் நோட்டோடு எங்கள் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாதி கிழிந்த சீட்டு, அதில் ஒரு மண்டை ஓடு.

"அப்பா, இதுல இன்னா வந்துச்சி? பேரு சொல்லு."

"போடி, வேலயப் பாரு."

"நீதான அந்தக் கம்பெனில கீற? உனக்குத் தெரியாதா?"

என் மகன் எழுந்து வந்தான். டிரம்மைக் கவிழ்த்துத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனான்.

இதைக் கண்ணால் பார்த்தவள் நான். அடுத்த வாரம் கிராமக் கல்விக் குழுக் கூட்டம். நானும் உறுப்பினர். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். தலைமையாசிரியர் என்னிடம் பேனாவை நீட்டி, "நீங்கதாம்மா இதுல படிச்சவங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோய், தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே முழுப் பெயரையும் எழுதினேன். 'மாணவர்களுக்குப் புரியவில்லை. பெற்றோர் விரும்பவில்லை.' டிரம் பாடத்தைப் பற்றித் தாளில் இருந்தது அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கு பெஞ்சு கொடுத்த கம்பெனி கோபித்துக்கொள்ளும் என்று தலைமையாசிரியருக்குப் பயம்.

திருவள்ளூர் கூட்டத்தில் அந்தத் தாளைக் காட்டியே பாடத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பனிமலையைப் பற்றி ஒரு பாடம் வந்தது. நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினார்கள். தெருவில் டிரம்கள் அப்படியே இருந்தன.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. "கையெழுத்து ரொம்ப அழகா இருந்துச்சும்மா. குழுவுல எல்லாரும் சொன்னாங்க" என்றார். அதற்குப் பிறகு எதையும் படித்துக் காட்டச் சொல்லி அவர் என் வீட்டுக்கு வரவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம். தீர்மானம் என்று ஒரு தாளைக் கையெழுத்துக்குச் சுற்றுக்கு விட்டார்கள். அதே தலைமையாசிரியர்தான். நான் வரிமேல் விரல் வைத்துப் படித்தேன்.

"இன்னாம்மா, பரிச்சையா எழுதற? போட்டுட்டுக் குடு, டீ ஆறுது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

'துறை வகுத்த பாடத்திட்டத்தை வழுவாமல் நடத்தியவர்' என்று எழுதியிருந்தது.

"சார், அவங்க பாடம் எழுதுனாங்க. நாமதான் எடுத்துப் போட்டோம். அதயும் எழுதுங்க."

"இரங்கல் தீர்மானத்துல அதெல்லாம் எழுத முடியாதும்மா."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டீச்சர் என் வீட்டில் விட்டுப்போன டிரம் பாடத்தின் நான்கு பக்கம் என்னிடம் இருக்கிறது. நான் திக்கிய இடங்களில் எல்லாம் அவருடைய பென்சில் கோடு. தீர்மானத்தில் எழுத முடியாததை இங்கே எழுதிவிட்டேன். செல்வியை இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். நானும் ஒரு முறை விரல் வைத்துப் படித்தேன். இப்போது இதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.