கூண்டு வண்டியில் மீன் பிடிக்கப் போனவர்கள்

வாழ்க்கையில் எந்தக் காலம் நன்றாக இருந்தது என்று யாராவது கேட்டால் சௌந்தரம் உடனே பதில் சொல்லமாட்டாள். வாயிலிருக்கும் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு யோசிப்பாள். பிறகு, "இவரு சண்டைக்குப் போயிருந்தாரு பாரு, அப்போதான்" என்பாள். கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். புருஷன் கடல் கடந்து போய், இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் கிடந்த காலத்தையா ஒருத்தி நல்ல காலம் என்பாள்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் புருஷன் ரத்தினசாமி மட்டும் கோபப்படாமல் சிரித்துக்கொள்வான்.

சௌந்தரம் கணியம்பாடிப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் ஏரி. கல்யாணத்துக்கு முன்பு தூண்டிலும் கையுமாகத்தான் திரிந்தாள். சோளத்தட்டையின் நெட்டியைக் கிள்ளித் தக்கை கட்டுவாள். அது தண்ணீரில் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தே புழுவைக் கொத்துவது கெளுத்தியா குறவையா என்று சொல்லிவிடுவாள். ஆம்பூருக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அதெல்லாம் நின்றுபோனது. ரத்தினசாமி ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையை ஏற்றிவந்து தோல் மண்டிகளில் இறக்குகிற வண்டிக்காரன். நல்லவன்தான். ஆனால் பொடி மீன் என்றால் அவனுக்குப் பயம். சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கி உயிர் போய் உயிர் வந்ததாம். புதுசாக வந்த மருமகள் ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்பதை ஊரும் ஒப்பவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

ஜெர்மன் சண்டை வந்தபோது பட்டாளத்துக்குக் கோவேறு கழுதை ஓட்ட ஆள் எடுத்தார்கள். மாட்டோடு பழகியவர்கள் வேண்டும் என்றார்கள். ரத்தினசாமி ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலேறினான். பஸ்ரா என்று ஊர் பேர் சொன்னார்கள். அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடச் சௌந்தரத்துக்குத் தெரியாது. வீட்டில் இருந்தது வண்டியும் ஒரு ஜோடி மாடும் அவளும்தான். பிள்ளை குட்டி இல்லை. கொஞ்ச நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒருநாள் காலையில் எழுந்து, தொழுவத்து ஈர மண்ணைக் கிளறி, கொட்டாங்குச்சியில் புழு எடுத்துக்கொண்டு ஏரிக்கு நடந்தாள். ஊர் என்ன சொன்னது என்று அவள் காது கொடுத்துக் கேட்கவில்லை.

தனக்குப் போக மிஞ்சிய மீனைக் கூடையில் வைத்துத் தெருவில் விற்றாள். அப்படிப் போகும்போதுதான் அப்துல் சமத் சாகிபு வீட்டுப் பின்வாசலில் ஒரு குரல் அவளைக் கூப்பிட்டது. சமத் சாகிபு தோல் வியாபாரி. மாதத்தில் பாதி நாள் சென்னைப்பட்டணத்தில் இருப்பவர். பெரிய வீடு. பின்வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து வந்தது இளம்பெண் குரல்.

"ஏம்மா, கூடையில இன்னா?"

"பொடி மீனு பீபிம்மா. உங்க வீட்டுக்கு ஆவாது."

"பனையேறி இருக்குதா?"

சௌந்தரம் கூடையை இறக்கிவிட்டாள். பனையேறிக் கெண்டையைப் பேர் சொல்லிக் கேட்கிற பீபியை அவள் அதுவரை பார்த்ததில்லை. மழை பெய்தால் ஏரியைவிட்டு ஏறிப் புல்தரையில் துடுப்பால் நடந்துபோகிற மீன் அது. பிடித்து வெகுநேரம் ஆனாலும் கூடையில் துள்ளிக்கொண்டிருக்கும். பெரிய வீடுகளில் அதைச் சீந்தமாட்டார்கள்.

திரை விலகியது. சமத் சாகிபுவின் மனைவி ஜஹீருன்னிசா குனிந்து கூடையைப் பார்த்தாள். சௌந்தரத்தின் வயதுதான் இருக்கும். ஒரு மீனைச் செவுள் முள் குத்தாதபடி லாகவமாகப் பிடித்துத் தூக்கினாள்.

"எங்கம்மா வீடு பள்ளிகொண்டா பக்கம். கோஷா போட்டு வீட்டோட இருக்கிறதுக்கு முன்னாடி அண்ணன்களோட போய் நானே பிடிச்சிருக்கேன். இந்த வீட்டுல வஞ்சிரம்தான் வாங்குவாங்க, அதுவும் எப்பவாச்சும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமியார் தூங்குறாங்க. உள்ள வா" என்றாள்.

அன்று தொடங்கியது. கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து இருவரும் மீனை உப்பும் சாம்பலும் போட்டுக் கல்லில் உரசுவார்கள். சௌந்தரம் புளியும் மிளகாயும் அரைத்துக் குழம்பு வைப்பாள். ஜஹீருன்னிசா இஞ்சி, பூண்டு, மிளகு, பச்சைக் கொத்தமல்லி எல்லாம் அரைத்துப் பூசி, முள்ளும் மொறுமொறு என்று கடிபடும்வரை வறுப்பாள். எது உசத்தி என்று இருவருக்கும் ஓயாத வழக்கு.

"உன் குழம்புல புளி ஜாஸ்தி."

"உங்க வறுவல்ல மீனே கம்மி பீபிம்மா, மசாலாதான் இருக்குது."

மாமியார் அன்வரி பேகம் தூங்கி எழுவதற்குள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அந்தம்மாள் அதிகம் பேசாதவர். வீட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓரம் ஒதுங்குவார்கள்.

ஜஹீருன்னிசா மாடியில் துணி காயப்போடும்போது தூரத்தில் ஏரித்தண்ணீர் மின்னுவது தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதை அங்கிருந்துதான் பார்த்திருக்கிறாள். ஒருநாள் மீனைக் கழுவிக்கொண்டே, "தக்கை முழுகும்போது கையில ஒரு வெடுக்கு வரும் பாரு, அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு சௌந்தரம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சௌந்தரம் அன்று ராத்திரியே இன்னொரு தூண்டில் கட்டிவைத்தாள்.

சமத் சாகிபு சென்னைக்குப் போயிருந்த ஒரு சமயம் பார்த்து இருவரும் திட்டம் போட்டார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் தர்காவுக்குப் போவதாகச் சொல்வது. வீட்டுக் கூண்டு வண்டி இருக்கிறது, வண்டிக்காரனுக்குக் காய்ச்சல். "நானே ஓட்டுறேன்" என்றாள் சௌந்தரம். விடிந்ததும் வண்டியைப் பூட்டி, வைக்கோலுக்கு அடியில் தூண்டில் கழிகளையும் வாணலியையும் ஒளித்துவைத்து, திரையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. அன்வரி பேகம் புர்கா போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும் வர்றேன்."

ஜஹீருன்னிசாவின் முகம் வெளுத்துப்போனது. அந்தம்மாளோ யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சௌந்தரம் வேறு வழியில்லாமல் மாட்டைத் தட்டினாள். தர்காவுக்குத் திரும்புகிற முனை வந்தது. கயிற்றை இழுத்து மாட்டை இடதுபக்கம் திருப்பப் போனாள்.

"நேரா போ" என்றது திரைக்குள்ளிருந்து அன்வரி பேகத்தின் குரல்.

"பெரியம்மா, தர்கா இப்படித்தான்..."

"எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல நான் எத்தினி வருஷமா இருக்கேன்? தர்காவுக்கு யாராவது மீன் மசாலா அரைச்சு எடுத்துட்டுப் போவாங்களா? நேரா ஏரிக்குப் போடி."

உள்ளே ஜஹீருன்னிசா சிரித்தாளா அழுதாளா என்று சௌந்தரத்துக்குத் தெரியவில்லை. ஏதோ சத்தம் கேட்டது. அவள் மாட்டை விரட்டினாள்.

ஏரியின் தென்கரையில் தாழம்புதர் மண்டிய ஓர் இடம் உண்டு. ஆள் நடமாட்டம் கிடையாது. வண்டியைக் குறுக்கே மறைப்பாக நிறுத்தினாள். அந்த வருஷம் நல்ல மழை. தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஜஹீருன்னிசா முகத்திரையைத் தூக்கிவிட்டு தண்ணீரில் கையை அளைந்தாள். பிறகு தூண்டிலை வாங்கிக்கொண்டு, புழுவைத் தானே கோத்து, கையை வீசிப் போட்டாள். பழைய கை. ஒன்றும் மறந்துபோகவில்லை.

முதல் மீன் மாட்டியபோது அவள் போட்ட கூச்சலில் கொக்குகள் எழுந்து பறந்தன. பனையேறி அல்ல, விரல் நீளக் கெண்டைதான். அதற்கே அவள் குதித்த குதியைப் பார்க்கவேண்டும். இரண்டாவதாக ஒரு கெளுத்தி வந்தது. அன்வரி பேகம் வண்டி நிழலில் உட்கார்ந்தபடியே, "கையில கொட்டிக்கப் போற, முள்ளை ஒடிச்சுட்டு எடு" என்று அதட்டினார்.

"அம்மி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மாமியாரைக் கேட்டாள் மருமகள்.

"நான் மட்டும் இன்னா, மாளிகையிலயா பொறந்தேன்?" என்றார் அந்தம்மாள்.

மூன்று கல்லைக் கூட்டிச் சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டினார்கள். மசாலா பூசிய மீன் எண்ணெயில் விழுந்ததும் எழுந்த வாசனை கரையெல்லாம் பரவியது. தாமரை இலை பறித்துவந்து கழுவி, அதில் போட்டுச் சுடச்சுடச் சாப்பிட்டார்கள். விரல் சுட்டது, நாக்கும் சுட்டது. யாரும் நிறுத்தவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே அன்வரி பேகம் கேட்டார்: "உன் ஆளு எப்போ வர்றான்?"

சௌந்தரம் கையிலிருந்த மீனை இலையில் வைத்தாள். போன வாரம்தான் பஸ்ராவிலிருந்து திரும்பிய பேர்ணாம்பட்டுக்காரன் ஒருவன், ரத்தினசாமி இருந்த கும்பலில் காலராவில் பாதிப்பேர் போய்விட்டார்கள் என்று மண்டியில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜஹீருன்னிசாவிடம்கூட இல்லை.

"தெரியலை பெரியம்மா. செத்துட்டாருன்னும் சொல்றாங்க" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் ரயிலேறிய அன்றுகூட அழாதவள், ஏரிக்கரையில் எச்சில் கையோடு உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். ஜஹீருன்னிசா அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அன்வரி பேகம் தன் இலையிலிருந்த பெரிய கெளுத்தியை எடுத்தார். நடுமுள்ளை நீக்கி, சதையை மட்டும் பிட்டு, சௌந்தரத்தின் இலையில் வைத்தார்.

"சாப்பிடு. பாத்தவன் வந்து சொல்றவரைக்கும் உயிரோடதான் இருக்கான்."

அவள் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பலமுறை போனார்கள். விஷயம் சமத் சாகிபு காதுக்கு எட்டியது. "அம்மி, ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்று அவர் கத்தியதைச் சௌந்தரம் கொல்லையிலிருந்து கேட்டாள். "ஊரு பேசட்டும். உன் தங்கச்சி போனதுல இருந்து எனக்கு வாயில ஒண்ணும் ருசிக்கலை. இப்போதான் ருசிக்குது" என்றார் அந்தம்மாள். சாகிபு அதற்குப் பிறகு அவர்களைத் தடுக்கவில்லை. இறந்துபோன ஒரு மகள் இருந்தாள் என்பதே சௌந்தரத்துக்கு அன்றுதான் தெரியும்.

சண்டை முடிந்து, ஒருவரும் எதிர்பார்க்காத ஒரு மத்தியானம் ரத்தினசாமி வந்து நின்றான். எலும்பும் தோலுமாக, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். வாசலில் அவனைப் பார்த்ததும் சௌந்தரம் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநாள் அவன் யாரோடும் பேசவில்லை. வண்டியைத் தொடவில்லை. தூண்டிலை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினால் மட்டும் பின்னாலேயே வந்து கரையில் உட்கார்ந்துகொள்வான். தண்ணீரையே பார்ப்பான். அவள் வறுத்துக் கொடுத்த பொடி மீனைக் குழந்தை மாதிரி அஞ்சி அஞ்சிக் கடித்தான். பிறகு முள்ளோடு தின்னப் பழகினான். அந்தப் பாலைவனத்தில் தண்ணீரைத்தான் கனவு கண்டேன் என்று ஒருநாள் அவனாகவே சொன்னான். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. கூண்டு வண்டியின் கதையை அவள் சொன்னபோது, அவன் ஊர் திரும்பிய பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான்.

ஏரிக்கரைப் பயணங்கள் மெல்லக் குறைந்தன. ஜஹீருன்னிசாவுக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள்; சௌந்தரத்துக்கும் ஒரு பெண் பிறந்தாள். அன்வரி பேகம் ஒரு நோன்பு மாதத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தோல் வியாபாரம் படுத்த வருஷங்களில் சமத் சாகிபு வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக்கே போய்விட்டார்.

ஒருமுறை ரத்தினசாமியோடு சௌந்தரம் அவர்களைப் பார்க்க ரயிலேறினாள். பெரியமேட்டில் ஒரு சந்து. மாடியில் இரண்டு அறை. ஜஹீருன்னிசா கதவைத் திறந்தாள். தோழியைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். கடல் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். பெரிய பெரிய துண்டுகள், முள்ளே இல்லை.

"எப்படி இருக்குது?" என்றாள்.

"நல்லாதான் இருக்குது பீபிம்மா" என்றாள் சௌந்தரம். பிறகு தயங்கி, "புளி ஜாஸ்தி" என்றாள்.

ஜஹீருன்னிசா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்தார்கள். இரண்டு பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து, மறுபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் சமத் சாகிபுவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ரத்தினசாமி, "இதுங்க இப்போதைக்கு நிறுத்தாதுங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான்.