சொர்ணத்தின் கீரைப் பாத்தியில் முளைத்தது

பொம்மசந்திரா கம்பெனிகளுக்குப் பின்னால், ஏரித் தண்ணீர் நிரம்பி வழிந்தோடும் ராஜகாலுவே என்கிற பெரிய வாய்க்காலின் கரையில் அரை ஏக்கர் தாழ்நிலம். அதைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறவள் சொர்ணம். ஊர் ஊத்தங்கரைப் பக்கம். கம்பெனியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள், சூப்பர்வைசரோடு மல்லுக்கு நின்று வெளியே வந்துவிட்டாள். கீரை மட்டும்தான் அவளை எதிர்த்துப் பேசாது என்று புருஷன் பழனிச்சாமி கிண்டல் செய்வான்.

போன வருடப் பெருமழையில் ஏரித் தண்ணீர் நிலத்தை மூழ்கடித்தது. வடிந்தபோது பாய் விரித்தாற்போல் ஆகாயத்தாமரை கிடந்தது. அதன் வேர்ச்சிக்கலில் ஆமணக்கும் தக்காளியும் முளைத்து நின்றன. யார் வீட்டுச் சாக்கடையில் போன விதையோ! ஓசியில் வந்த எரு என்று அத்தனையையும் வெட்டி மண்ணோடு புரட்டிவிட்டாள் சொர்ணம். கோடையில் கீரை மதமதவென்று வளர்ந்தது. தாமரையின் விதையும் சேற்றுக்குள் உயிரோடு கிடக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

இந்த வருடம் நிலக்காரர் கறாராகச் சொன்னார். "ஈ சல, இந்த வாட்டி வெள்ளாமை சரியா வரலேன்னா, மண்ணு கொட்டி லாரி நிறுத்த விட்டுடுவேன்மா."

பயத்தோடுதான் விதைத்தாள். முதல் மழை பாத்தியில் தேங்கி நின்றது. தண்ணீருக்கடியில் பச்சை தெரிந்ததும் கீரை என்று பூரித்துப்போனாள். குனிந்து பார்த்தாள். நாடா நாடாக ஏதோ இலை. சில வாரங்களில் அது உருண்டு, காம்பு உப்பி, மிதக்கத் தொடங்கியது; அதே ஆகாயத்தாமரை. விதைத்த கீரை அடியில் அழுகிக் கிடந்தது.

இருவரும் பிடுங்கினார்கள். பிடுங்கப் பிடுங்க முளைத்தது. கூடை கூடையாக ராஜகாலுவேயில் கொட்டினார்கள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மேலே இருக்கிற யாரோ இப்படிக் கொட்டியதுதான் தன் நிலத்துக்கு வந்தது என்று சொர்ணத்துக்கு உறைக்கவே இல்லை. கதை சொல்கிற எனக்கு அதுதான் ஆத்திரம்.

நிலக்காரர் வந்து பார்த்தார். மறுவாரம் நிலத்தின் மூலையில் முதல் லோடு மண் விழுந்தது.

அன்றைக்கே தங்கை சின்னத்தாயி போன் செய்தாள். அவளும் இதே ராஜகாலுவேயின் கரையில், இரண்டு ஊர் தள்ளிக் கீழே கீரை போடுகிறவள்.

"அக்கா, மழைத் தண்ணியில எங்க நெலத்துக்கும் அந்தத் தாமரை வந்திருக்குக்கா! வண்டி வண்டியா!"

"ஐயோ, அத மண்ணுல உட்டுடாதடி! மொதல்ல வாரி வெளிய போடு!"

"என்னக்கா இப்படிச் சொல்ற? நீ போன வருஷம் செஞ்சியேன்னு, காலையிலதான் டிராக்டர் உட்டுப் பொரட்டினேன்."