நெற்றிமேல் கண்ணாடி

சித்தூரில் நான் சட்டம் படித்தபோது கோர்ட்டுக்கு எதிரே ஒரு நோட்டரி உட்கார்ந்திருப்பார். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றிமேல்தான். எந்தக் காகிதத்தையும் படிக்காமலே முத்திரை குத்துவார்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஒரு பெண் பிரமாணப் பத்திரம் நீட்டினாள். முப்பது வயது ஆகாத பெண்களை அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது சட்டம். பத்திரத்தில் வயது முப்பத்திரண்டு. அவளுக்கு இருபத்திரண்டுகூட இருக்காது. முத்திரை விழுந்தது.

"படிச்சுப் பார்க்க மாட்டீங்களா சார்?" என்று கத்திவிட்டேன்.

"படிச்சா குத்த முடியுமா நைனா? லா படிச்சிக்கினு கீறியே, நீயே அவளைப் போவாதன்னு சொல்லு."

சொன்னேன்.

"வயசை ஏத்தி எழுதச் சொன்னதே நாந்தாண்ணா. நீ நடுவுல வராத" என்று பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் அவர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, என்னை நிதானமாகப் பார்த்தார். நினைத்தால் இன்றும் எரிகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.