பாட்டில்காரர் தொடாத தட்டு

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் பாட்டில்காரர். வாரத்தில் இரண்டு நாள் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கடல் வற்றிய நேரத்தில் சேற்றுக்கரையில் இறங்குவார். கடல்நீரைச் சின்னச் சின்ன பாட்டில்களில் பிடிப்பார். ஒரு பை மட்டிச் சிப்பியைத் தோண்டி எடுப்பார். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கி நகரத்துப் பேருந்தில் ஏற்றிவிடுவார். அங்கே ஒரு பரிசோதனைக்கூடம் மூன்று நாள் யோசித்துப் பதில் சொல்லும். நல்ல பதில் என்றால் படகுத்துறைப் படிக்கட்டின் மேல் இருக்கும் பலகையைப் பச்சைப் பக்கம் திருப்புவார். கெட்ட பதில் என்றால் சிவப்பு. பச்சை என்றால் மட்டி எடுக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை.

ஆனால் ஊர் பலகையைப் பார்ப்பதில்லை. பாட்டில்காரரின் வாயைத்தான் பார்க்கும்.

அதற்கும் அவரேதான் காரணம். பதினோரு வருடத்துக்கு முன்பு, வேலையில் சேர்ந்த புதிதில், பாசி பூத்துக் கடல் துருப்பிடித்த தகரமாகச் சிவந்தது. மட்டி தின்ற இரண்டு பேருக்கு உதடு மரத்து, நாக்கு மரத்து, கடைசியில் மெஷின் வைத்து மூச்சு கொடுக்க வேண்டியதாயிற்று. தடை நீங்கிய பிறகும் சந்தையில் மட்டியை நாய்கூட முகர்ந்து பார்க்கவில்லை. புது உத்தியோகத்தின் சூடு, சும்மா இருக்க விடுமா? ஒரு தட்டு மட்டியை வேகவைக்கச் சொல்லி, ஊரே பார்க்க ஒன்று விடாமல் தின்று, தட்டையும் வழித்து நக்கினார். அன்றைக்குச் சந்தை திறந்தது. அவர் தலையெழுத்து மூடியது.

அன்று முதல் பச்சைப் பலகை வெறும் தகரம். பாட்டில்காரர் தின்றால்தான் தடை போனது என்று கணக்கு.

இந்த முறை தடை விழுந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. முதல் பத்து நாள் அவர் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கரையெல்லாம் செத்த மீன், காற்றடித்தால் ஊரே இருமல். பிறகு கடல் தெளிந்தது. தொல்லை ஆரம்பித்ததும் அப்போதுதான்.

அவர் வேலை பார்க்கும் மீன்துறை அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் முடிவெட்டுகிறவர் தினமும் வழிமறித்தார்.

"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கே சார். இன்னும் என்ன தடை?"

"தண்ணி தெளிஞ்சிடும். மட்டி தெளியாது. அந்தப் பாசியைத் தின்னு விஷத்தை உடம்புல சேத்து வச்சிருக்கு. கழிஞ்சு போக வாரக்கணக்கா ஆகும்."

"நல்லா கொதிக்க விட்டா செத்துடாதா?"

"விஷம் உயிரோட இருந்தாத்தானே சாகும்?"

"அதுவும் சரிதான்" என்று அவர் தலையாட்டுவார். மறுநாள் அதே இடத்தில் அதே கேள்வி. செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதுகிறவனுக்கு மூச்சுப் பயிற்சி. இதில் அதுவும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம். கடைசியாக அனுப்பிய மட்டிக்குப் பதில் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அலுவலகத்தின் முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து பாட்டில்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மனைவி காளான் வதக்கி வைத்திருந்தாள். இடது கடைவாய்ப் பல்லில் வலி. அதனால் கண்ணை மூடிக்கொண்டு, வலது பக்கமாக, மெல்ல மெல்ல மென்றார். எதிர்க் கடையில் முடிவெட்டுகிறவர் யாரோ ஒருவரின் பிடரியில் கத்தியை வைத்தபடி கண்ணாடியில் இதைப் பார்த்தார். கருப்பாக, வழவழவென்று, வாயில் போட்டதும் கண் சொக்கிப் போகிற சமாச்சாரம். அது வேறு என்னவாக இருக்க முடியும்?

பாட்டில்காரர் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னறையில் பாட்டில் அலசப் போனார். மூன்றரை மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, திறந்துட்டீங்களாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"எதை?"

"தடையைத்தான். நீங்க தின்னதை ஊரே பாத்திருக்கு. எங்கண்ணன் போய் ரெண்டு கூடை அள்ளிட்டு வந்துட்டாரு. இங்க அண்ணன் வீட்லதான் இருக்கேன், அடுப்புல ஏத்தியாச்சு. பாப்பாவும் ஸ்கூல் விட்டு இங்கயே வந்துட்டா."

"அடியே, அது நீ கட்டிக் குடுத்த காளான்டி."

"அப்ப ஊரெல்லாம் பொய்யா சொல்லுது?" என்றாள்.

சமைத்தவளே நம்பவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பாப்பா வாயில ஒன்னும் வைக்க விடாதே" என்று கத்திக்கொண்டே செருப்பு மாட்டாமல் ஓடினார். மூன்று தெரு. அலசிய பாட்டில் ஒன்று கையோடு வந்துவிட்டது.

மச்சான் வீட்டுக் கூடத்தில் தட்டுகள் வைத்தாகிவிட்டது. நடுவில் ஆவி பறக்க மட்டி. மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையை மாமன் பிடித்து வைத்திருந்தார்.

"வாங்க மாப்ளே. 'அவசரப்படாதே, முதல் வாய் உங்கப்பாவுக்குத்தான்'னு இவளைப் பிடிச்சு வச்சிருக்கேன்."

பாட்டில்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் தலையைத் தின்ற, அவர் வாயைப் பார்க்கும் அந்தப் பழக்கம் இன்றைக்கு மகளைக் காப்பாற்றியிருந்தது. அதற்காக அதைக் கும்பிடுவதா, இல்லை தலையில் அடித்துக்கொள்வதா?

"மச்சான், நான் தின்னது காளான். மட்டி இல்லை. யாரும் தொடாதீங்க."

"எங்க, டப்பாவைக் காட்டுங்க."

"கழுவிட்டேன்."

"கழுவிட்டாராம்" என்று மச்சான் தங்கையைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க மட்டும் ஒளிஞ்சு திங்கலாம், நாங்க கூடாதா? சரி, இப்ப ஒன்னு வாயில போடுங்க. முடிஞ்சுது பேச்சு."

தட்டை முன்னால் தள்ளினார். பாட்டில்காரருக்கு மட்டி என்றால் உயிர். நாற்பத்தோரு நாளாக வாசனைகூடப் பார்க்கவில்லை. நாக்கில் நீர் ஊறியது. ஆனால் கை தட்டுப் பக்கம் போகவில்லை. அவர் எதுவும் பேசவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சானின் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. மட்டியை வேண்டாமென்று சொல்லும் மாப்பிள்ளையை அவர் இதுவரை கண்டதில்லை. மகளின் கையை விடாமலே மறுகையால் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

ஒரு மாதம் பேசிப் புரியாதது அரை நிமிடம் வாயை மூடியதில் புரிந்துவிட்டது. பாட்டில்காரருக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"கரையில எத்தனை பேரு இருக்காங்க மச்சான்?"

"முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும். கூடை நிறைஞ்சதும் வந்துருவாங்க."

சேற்றுக்கரையிலிருந்து ஊருக்குள் வர ஒரே வழி படகுத்துறைப் படிக்கட்டு. ஆவி பறக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், சிவப்புப் பலகையின் கீழே, மேல்படியில் உட்கார்ந்தார். தட்டை முன்னால் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

முதலில் மேலேறி வந்த மீன்காரம்மா கூடையை இறக்கினாள்.

"என்ன சார், ஆறட்டும்னு பாக்குறீங்களா?"

அவர் பேசவில்லை.

"உப்பு பத்தலையா?"

அதற்கும் பேசவில்லை. அவள் தட்டைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சோடு கூடையைத் தண்ணீரில் கவிழ்த்தாள். பின்னால் வந்தவர்கள் அவளையும் பார்த்தார்கள், அவரையும் பார்த்தார்கள். கூடைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. தலைக்கு மேலே இருந்த பலகையை ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டு ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அதையும் கடலிலேயே கொட்டினார். அன்றிரவு ஊரில் எந்த வீட்டிலும் மட்டி வேகவில்லை என்று மச்சான் தெருத்தெருவாகப் போய் விசாரித்து வந்து சொன்னார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. விஷம் இன்னும் அனுமதித்த அளவைப் போல் மூன்று மடங்கு. பாட்டில்காரர் அந்தத் தாளைப் பலகையில் ஒட்டி, கீழே கொட்டை எழுத்தில் 'எடுக்காதீர்கள்' என்றும் எழுதினார். திரும்பினால் முடிவெட்டுகிறவர் கடை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"எத்தனை மணிக்கு சார் உக்காருவீங்க? படியில உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும்னு இதைக் கொண்டாந்தேன்."

"அதான் தாள்ல எழுதி ஒட்டியிருக்கேனே."

"தாள் கிடக்கட்டும் சார். நீங்க உக்காந்தாத்தான் எங்களுக்கு நிச்சயம். காலித் தட்டை வச்சுடாதீங்க, தின்னு முடிச்சுட்டாருன்னு நினைச்சுக்குவாங்க."

பாட்டில்காரர் அவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, தின்னாமல் இருப்பதற்காக ஒரு தட்டு மட்டி தோண்டச் சேற்றில் இறங்கினார்.