நான் மாட்டாத செப்புத் தகடு

காந்தத்தை அவர் இரண்டு கைகளாலும் பிடித்து மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார். திரையில் சமிக்ஞையாகத் தெரிந்த மேடு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. காந்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சன்னலோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்போதும் அது அப்படியே நின்றது. வந்திருந்த மதிப்பீட்டாளர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். நான் என் குறிப்பேட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்தவர். மனைவியோடும் மகளோடும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தார். நான் அந்த ஊரிலேயே பிறந்த செந்தூல்காரி, அப்போது அதே கூடத்தில் முனைவர் பட்ட மாணவி. காந்தப் படலத்துக்குள் இருக்கும் கோடிக்கணக்கான குட்டிக் காந்தங்களில் ஒன்றைச் சாய்த்தால் பக்கத்தில் இருப்பதும் சாயும். அந்தச் சாய்வு அலையாக ஓடும். அதற்கு ஸ்பின் அலை என்று பெயர். கம்பியில் மின்சாரம் ஓடாமலே, சூடேறாமலே அந்த அலையில் சமிக்ஞையை அனுப்ப முடியுமா என்பதுதான் அண்ணனின் வேலை. நகத்தளவு படலத்தின் ஒரு முனையில் அனுப்பி மறுமுனையில் வாங்கிக் காட்டினார். காந்தத்தை எடுத்தால் சமிக்ஞை செத்துவிடும். அது படலத்தின் வழியாகத்தான் வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. நூறு முறையாவது சரிபார்த்திருப்பார்.

அண்ணனின் ஒப்பந்தம் நீளுமா என்று முடிவுசெய்யும் அந்த மதிப்பீட்டுக்கு நான்கு நாள் முன்பு என் அளவீட்டுக்காக அந்தக் கருவியைப் பிரித்தேன். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு செப்புத் தகடு உண்டு. சமிக்ஞை படலத்தை விட்டுவிட்டுக் காற்றில் தாவாமல் தடுப்பது அதுதான். திரும்பப் பூட்டியபோது அதை மாட்ட மறந்துவிட்டேன். மறுநாள் என் இழுப்பறையில் தகட்டைப் பார்த்ததும் கூடத்தை நடத்திய பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஆய்வுக் கட்டுரையில் தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று அண்ணன் கேட்டதிலிருந்து பேராசிரியருக்கு அவர்மேல் கசப்பு.

"அது அங்கேயே இருக்கட்டும்லா," என்றார் பேராசிரியர். "அந்த ஒப்பந்த இடம் காலியானா உனக்குத்தான்."

மறதி என்று அதுவரை சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த இழுப்பறையை நான் திறக்கவே இல்லை.

அண்ணனின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. விசாவும் அதோடு முடிந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அவருடைய மகள் பள்ளியில் கற்ற மலாய்ச் சொற்களை எனக்கு ஒப்பித்துக் காட்டினாள். இனி அவை எதற்கும் உதவாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அண்ணனின் மனைவி என் பக்கம் திரும்பாமல் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் தன் ஆய்வுக் குறிப்பேடுகள் ஆறையும் கட்டி என் கையில் கொடுத்தார்.

"எங்கயோ நான்தான் தப்பு பண்ணிருக்கேன்மா. நீ நிதானமா பாரு. உன் நேரத்தையும் சேர்த்து வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்க," என்றார்.

பரவாயில்லைண்ணே என்றேன். நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் தகட்டை மாட்டினேன். முதல் முயற்சியிலேயே அவர் எழுதி வைத்திருந்தபடி சமிக்ஞை வந்தது. காந்தத்தை எடுத்ததும் செத்தது. கட்டுரை என் பெயரிலும் பேராசிரியர் பெயரிலும் வெளியானது. ஒப்பந்த இடம் கிடைத்தது, பிறகு நிரந்தர வேலையும். பேராசிரியர் ஓய்வு பெற்ற பின் கூடம் என் பொறுப்பில் இருக்கிறது. மாணவர்கள் என்னை மிகக் கவனமானவள் என்று சொல்கிறார்கள்.

கட்டுரை வந்த வாரமே அண்ணன் மின்னஞ்சல் எழுதினார். வாழ்த்துச் சொல்லியிருந்தார். பெயரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. தன்னிடம் எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடித்திருந்தால் ஒரு வரி எழுதும்படி மட்டும் கேட்டிருந்தார். மூன்று நாள் கழித்துப் பதில் போட்டேன்: கம்பி இணைப்பு ஒன்று தளர்ந்து சமிக்ஞை வெளியே கசிந்திருக்கிறது, கையாளும்போது நேர்ந்திருக்கலாம்.

அன்றைக்கே நன்றி சொல்லி எழுதினார். இப்போது ஊர்ப்பக்கம் ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கிறாராம். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் பிள்ளைகளிடம் தன் கவனக்குறைவால் இரண்டு வருட உழைப்பு போனதைச் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குகிறாராம்.