சேர்வர் அலுமாரிக்குப் பின்னால் ஒரு தும்புத்தடி

ஓர்ஸ் ஹில்லில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. அங்கே சேர்வர் அலுமாரிக்குப் பின்னால் தரை தேய்க்கும் தும்புத்தடி ஒன்றைச் சாத்தி வைத்திருக்கிறோம். தும்பு பாதி கொட்டி, மிச்சம் ஒரு பக்கமாகச் சரிந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். கூட்ட வருகிற பெண் அதை எறியப் பார்த்துப் பல தடவை என்னிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் "இது என்ன அக்கா, சேர்வருக்கு நாவூறு கழிக்கவா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தத் தும்புத்தடி இல்லாவிட்டால் என் கல்யாணம் அந்த முகூர்த்தத்தில் நடந்திருக்காது.

அது என்னோடு வேலை செய்த நானாவுடையது. கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். வயதில் என்னைவிட மூத்தவர் என்பதால், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், நானா; அவருக்கு நான் தங்கச்சி. இருவருக்கும் மேசை ஒன்று, சண்டை ஆயிரம். உப்புவெளி விருந்தினர் விடுதிகளுக்கும் நகரத்து மண்டபங்களுக்கும் பதிவுசெய்யும் இணையத்தளங்கள் கட்டுவது எங்கள் தொழில். ஆயத்தமாகக் கிடைக்கும் நாட்காட்டியை எடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் என்ன என்பேன் நான். நானா கேட்க மாட்டார். ஒவ்வொரு மண்டபத்துக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, சேர்வரில் ஓடும் ஒரு நிரல்துண்டை, கண்ட்ரோலை, தானே எழுதுவார். பக்கத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும் அந்த நாட்காட்டிக்குத் தானாக எதுவும் தெரியாது. ஒவ்வொரு கட்டத்தையும் வரையும் முன் "இந்த நாள் வெறுமையா?" என்று பின்னால் பதிவுகளை வைத்திருக்கும் தரவுமூலத்தைக் கேட்கும். அந்தத் தரவுமூலத்தையும் அவரே எழுதுவார். "கண்ட்ரோலுக்குக் கண் இல்ல தங்கச்சி, கேட்டுத்தான் தெரியணும்" என்பார். மண்டபக்காரரிடம் போய்க் கதிரை எத்தனை, மின்விசிறி எத்தனை என்று துளைத்தெடுத்துவிட்டு வருவார். நானா கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

என் கல்யாணத்துக்கும் நானா கட்டிய தளம் ஒன்றில்தான் மண்டபம் பதிந்தோம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து கொஞ்ச நாள் லீவில் வருகிறார். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை விடியற்காலை. அதை விட்டால் அவருடைய லீவுக்குள் வேறு நாள் இல்லை, நகரத்தில் வேறு மண்டபமும் இல்லை. அம்மா கும்பிடாத கோயில் பாக்கியில்லை. கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, நானா வழக்கம்போல் பிளேன்டீயும் கையுமாகப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, உங்கட ஆக்கள் மணவறை எப்பக் கட்டுவாங்க?"

"முதல் நாள் பின்னேரம். சமையல்காரரும் அப்பவே குசினிக்கு வந்திடுவினம். ஏன் நானா?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். வியாழக்கிழமைக் கட்டத்தில் கிண்ணியாக் குடும்பம் ஒன்றின் நிக்காஹ், பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் நான். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு நாள், பதியும்போது இரண்டும் வெறுமை. ஆனால் அவர்கள் பிரியாணிச் சட்டி இறக்கும் நேரத்தில் எங்கள் ஆட்கள் அதே அடுப்பில் சைவச் சமையலுக்கு உலை வைக்க நிற்பார்கள். நானாவின் முகம் என்னுடையதைவிட மோசமாக இருந்தது.

அன்றே அப்பாவையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார். அந்த நிக்காஹ் மணமகளின் உம்மா எங்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். அழைப்பிதழ் கொடுத்து முடித்தவர்களிடம் நேரத்தை மாற்றுங்கள் என்று எப்படிக் கேட்பது? நானாதான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளையா பொண்ணு? அல்லாஹ்வே, முகம் வாடிக் கிடக்குதே! அஸர் தொழுத கையோட, மூணரைக்கெல்லாம் நிக்காஹ்வ வெச்சிருவம். ஆக்களுக்குப் போன் பண்ணினாச் சரி. ஆனா சட்டி பானையெல்லாம் எடுத்து, மண்டபத்தக் கழுவிக் குடுக்க ஆரு இருக்கா?"

"நான் கழுவுறன் சாச்சி," என்றார் நானா.

"கம்பியூட்டர் தட்டுற கை தும்புத்தடி புடிக்குமா மகன்?" என்று அவர் சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அப்பா மூச்சு விட்டார்.

பிடித்ததே! வியாழன் மாலை மணவறைச் சாமான்களோடு நாங்கள் போய் இறங்கியபோது, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கடையில் வாங்கிய புதுத் தும்புத்தடியோடு நானா குசினியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் சவர்க்கார நுரை. "தங்கச்சி, வழுக்கும், வராதீங்க! கல்யாணப் பொண்ணு காலை உடைச்சா அதுக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க!" என்று உள்ளிருந்து கத்தினார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. மறுநாள் முகூர்த்தம் பிசகாமல் தாலி ஏறியது. கிண்ணியா உம்மாவும் விடியக் காலையில் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தார்.

அடுத்த கிழமையே நானா தரவுமூலத்தை அடியோடு மாற்றி எழுதினார். இப்போது அது திகதியைப் பார்ப்பதில்லை. மண்டபத்தின் கதவு திறப்பதிலிருந்து தரை கழுவி முடியும்வரை ஒரு வைபவம் என்று கணக்கெடுக்கும். அடுத்தடுத்த இரண்டு வைபவங்கள் முட்டுமளவுக்கு நெருங்கினால் கட்டங்களின் நடுவே மஞ்சள் பட்டை ஒன்றை வரைந்து காட்டும்.

வருஷங்கள் ஓடிவிட்டன; இன்று நானா கட்டாரில் வேலை. என் அவர் கனடாவை விட்டு இங்கேயே வந்துவிட்டார், நானும் அதே மேசையில். போன கிழமை அதே மண்டபத்துக்கு ஒரு பதிவு வந்தது. நானாவின் மகளுடைய நிக்காஹ்; அதற்கு அவர் ஊருக்கு வருகிறார். மறுநாள் விடிய, திரியாய் ஊர்க் குடும்பம் ஒன்றின் கல்யாணம். நடுவில் மஞ்சள் பட்டை. நானா அஸர் நேரத்தையே எடுத்திருந்தார். குறிப்பில் "வெள்ளனவே கழுவிக் குடுப்பம்" என்று எழுதியிருந்தார். உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"ஆர் நானா கழுவுறது? நீங்கள் மகளை நிக்காஹ் செய்து குடுக்க மாப்பிள்ளைட கையைப் பிடிப்பீங்களோ, தும்புத்தடியைப் பிடிப்பீங்களோ?"

"அதத்தான் யோசிக்கிறன் தங்கச்சி."

"யோசிக்காதேங்கோ. நான் வாறன்."

"வழுக்கும், கவனம்," என்றார் நானா.

நேற்று அலுமாரிக்குப் பின்னாலிருந்து அந்தத் தும்புத்தடியை எடுத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். புதிதாகவே ஒன்று வாங்கலாமே என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லி, பழைய தடியிலேயே புதுத் தும்பைப் பூட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.